ஆங்கிலச் சொல்லுக்குப் பிள்ளைக்கு எந்த மொழியில் பொருள் சொல்வது? பர்மாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். “டீச்சர், பிள்ளைக்கு ஒரு டிக்‌ஷனரி வாங்கணும். தமிழ் போட்டது வாங்கட்டுமா, பர்மா போட்டது வாங்கட்டுமா, இல்லை முழுக்க இங்கிலீஷ்லயே இருக்கே, அதுவா?” கேட்கிற அம்மா பெரும்பாலும் கடையில் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு எதையும் வாங்காமல் வந்திருப்பார். சிலர் மூன்றையும் வாங்கிவிட்டு, பிள்ளை ஒன்றையும் தொடவில்லை என்று வருவார்கள்.

ரங்கூனில் பதினைந்து வருடத்துக்கு மேலாக மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கிறார்கள், ஆங்கிலத்தைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குச் சொல்லும் ஆலோசனை இவர்களுக்குச் சரிப்படாது. பர்மியப் பிள்ளைக்குச் சொல்வதும் பாதிதான் பொருந்தும். ஏற்கெனவே இரண்டு மொழி வாயில் இருக்கிற பிள்ளைக்கு மூன்றாவது மொழியின் சொல்லை எப்படிப் புரியவைப்பது என்பதே இங்கே கேள்வி. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

விலையைப் பார்க்கும் முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பொருள் எழுதியிருக்கும் எழுத்தைப் பிள்ளையால் படிக்க முடிகிறதா? நன்றாகத் தமிழ் பேசுகிற பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து தடுமாற்றம். கோயிலில் ஞாயிறு வகுப்புக்குப் போகிறவர்கள் எழுத்துக் கூட்டுவார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனதிலிருந்து தமிழ் படிப்பது வீட்டையும் கோயிலையும் நம்பித்தான் இருக்கிறது. இதைப் பிள்ளையின் குறையாகப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, பொருள் பிசகாமல் போய்ச் சேருகிறதா? இதுதான் என் பார்வையில் பெரியது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, பொருள் தெரிந்த பிறகு அந்தச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைக்க வருகிறதா? நான்காவது, மாலை நேரத்தில் பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த மொழி வரும்? ஐந்தாவது, கரண்டு இல்லாத நேரத்திலும் அது பயன்படுமா?

யாரும் கேட்காத ஒன்றும் உண்டு. அந்த வழியில் போனால் பிள்ளையின் தமிழுக்கு என்ன ஆகும்?

## படமும் நேரில் காட்டும் பொருளும்

ஏழெட்டு வயது வரை இதை மிஞ்ச எதுவும் இல்லை. எழுத்துத் தெரிய வேண்டாம், மொழிபெயர்ப்பு வேண்டாம். கையைக் காட்டினால் போதும்.

ஏன் இது அவ்வளவு முக்கியம் என்று எனக்கு விளங்க வைத்தது ஒரு முட்டை. எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பாடத்தில் ‘டோன்ட் ஈட் கிரீன் எக்’ என்று எழுதி வந்தான். வேகாத முட்டையைச் சாப்பிடாதே என்பது அவன் சொல்ல வந்தது. தமிழில் அது பச்சை முட்டை. பர்மிய மொழியிலும் ‘அஸெய்ன்’ என்றால் பச்சை நிறம், வேகாதது இரண்டுக்கும் பெயர். தெரிந்த இரண்டு மொழியும் ஒரே பக்கம் இழுத்ததால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ‘ரா’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அகராதியில் ‘பச்சையான’ என்றுதான் போட்டிருந்தது. அவன் என்னைப் பார்த்தான்: “அதைத்தானே டீச்சர் நான் எழுதுனேன்?”

அடுப்படியிலிருந்து இரண்டு முட்டை எடுத்து வந்தேன். ஒன்று காலையில் அவித்தது. அதை உரித்து ஒரு தட்டில் வைத்தேன். மற்றதைச் சாஸரில் உடைத்தேன். மஞ்சள் கரு வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் நின்றது. அவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தான். ‘ரா’ என்றேன். அப்புறம் தண்ணீர்ப் பாட்டிலின் பச்சை மூடியைக் காட்டினேன். ‘கிரீன்’ என்று அவனே சொன்னான். அதற்குப் பிறகு அந்த இரண்டு சொல்லையும் அவன் குழப்பியதில்லை.

உடல் உறுப்புகளும் இப்படித்தான். நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை கை. பர்மிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு மேல் ‘ஆர்ம்’, கீழே ‘ஹேண்ட்’. காலும் ‘லெக்’, ‘ஃபுட்’ என்று இரண்டாகப் பிரியும். அகராதியில் தேடினால் இரண்டுக்கும் கை, கால் என்றே வரும். பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு நூலைக் கட்டிக் காட்டினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

படப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, சொற்களை இனம் இனமாக வைப்பது. சமையலறை ஒரு பக்கம், சந்தை ஒரு பக்கம், விலங்குகள் ஒரு பக்கம். செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நம் பழைய நிகண்டுகளும் இப்படித்தான் இருந்தன. திவாகரம் என்ற நிகண்டில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று தொகுதி தொகுதியாகச் சொற்கள் வரும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தே சொல் கற்றார்கள். அகர வரிசை தேடுவதற்கு வசதி. மனதில் நிற்பதற்கு இனமாக வைப்பதே வசதி.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? நல்ல தாளில் வண்ணத்தில் அச்சான புத்தகம் விலை அதிகம், பிள்ளை ஒரே வருடத்தில் அதைத் தாண்டிவிடும். கேம்பிரிட்ஜ் சிறுவர்களுக்கு நடத்தும் ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃப்ளையர்ஸ் ஆங்கிலத் தேர்வுகளுக்கான படச் சொற்பட்டியல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பட்டியலை மட்டும் அச்செடுத்தால் ஒரு வருடத்துக்குப் போதும்.

இரண்டாவது செலவு, படம் சில நேரம் பாதிப் பொருளைத்தான் தரும். ‘ரைஸ்’ என்று போட்டு ஒரு கிண்ணம் சோறு வரைந்திருப்பார்கள். நமக்கு நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. பர்மிய மொழியிலும் ஸபா, ஸான், தமின் என்று மூன்று. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே ‘ரைஸ்’தான். படத்தை மட்டும் பார்த்த பிள்ளை அரிசிக் கடையில் நின்று, மூட்டையில் இருப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்கும். ‘பிராமிஸ்’, ‘ஆல்மோஸ்ட்’, ‘பிகாஸ்’ போன்ற சொற்களைப் படமாகவே போட முடியாது. அங்கே பேச்சுதான் வேண்டும்.

## ஆங்கிலம்–தமிழ் அகராதி

இதைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புத்தகம் வேறு, தமிழில் பொருள் சொல்வது வேறு. பெற்றோர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் புத்தகம். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் சென்னைப் பக்கம் அச்சாகி, யாரோ ஊருக்குப் போய் வரும்போது பெட்டியில் வந்தவை. தமிழ் சரளமாகப் படிக்கிற தமிழ்நாட்டு மாணவருக்காகப் போடப்பட்டவை. ‘விண்டோ’ என்று பார்த்தால் சாளரம், பலகணி என்று இருக்கும். ஜன்னல் என்று மட்டுமே தெரிந்த பிள்ளை ஒரு தெரியாத சொல்லைத் தேடப் போய் மூன்று தெரியாத சொல்லோடு திரும்பி வரும். ‘ரன்’ என்ற சொல்லுக்குக் கீழே ஓடு, நடத்து, இயங்கு, பாய், போட்டியிடு என்று அரைப் பக்கம். பிள்ளை முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடும். ‘ஹி ரன்ஸ் எ ஷாப்’ என்பதற்கு ‘அவர் கடையை ஓடுகிறார்’ என்று எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது.

ஆகவே, தமிழ் வாசிப்பு வராத பிள்ளையின் கையில் இதைக் கொடுப்பது வீண்.

இனி, தமிழில் பொருள் சொல்வது. இதைக் கைவிடவே கூடாது என்பேன். ஏன் என்று ஒரு மாலை நடந்ததைச் சொன்னால் புரியும்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கரண்டு போய், சார்ஜ் விளக்கு ஒன்று தரையில் இருந்தது. அவள் நோட்டில் ‘ஐ லெண்ட் எ பென்சில் ஃப்ரம் மை ஃபிரண்ட்’ என்று எழுதியிருந்தாள். வாங்குவதற்கு ‘பாரோ’, கொடுப்பதற்கு ‘லெண்ட்’ என்று நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன், அதைப் பர்மிய மொழியில் எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் பர்மிய மொழியில் இரண்டுக்குமே ‘ஹ்ஙா’ என்ற ஒரே வினையைப் பயன்படுத்துவார்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது வாக்கியத்தின் மற்ற சொற்களிலிருந்துதான் தெரியும். அவள் நோட்டில் இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கும் நேரே அந்த ஒரே சொல் இருந்தது.

பக்கத்தில் அவளுடைய அப்பத்தா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. நாங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, “ஏம்மா, நீ பென்சிலை இரவல் வாங்குனியா, இரவல் குடுத்தியா?” என்றார். “வாங்குனேன் அப்பத்தா.” “அப்ப வாங்குனதுக்குள்ள இங்கிலீசைப் போடு.” அவ்வளவுதான். அவள் ‘லெண்ட்’டை அடித்துவிட்டு ‘பாரோ’ என்று எழுதினாள். இரண்டு வார்த்தையையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இரவல் வாங்கு’, ‘இரவல் கொடு’ என்று கோணல் எழுத்தில் தமிழில் எழுதி வைத்தாள். அன்றைக்கு அவள் ஆங்கிலத்தோடு தமிழ் எழுத்தும் கொஞ்சம் கற்றாள்.

‘ஹீ’, ‘ஷீ’ விஷயமும் இதே. பர்மியப் பேச்சில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘தூ’ என்று சொல்லிவிடுவார்கள். பர்மிய மொழி வழியாக மட்டும் யோசிக்கிற பிள்ளை, அக்காவைப் பற்றி எழுதும்போதும் ‘ஹீ’ போட்டுவிடும். அவன், அவள் என்று தமிழில் ஒருமுறை சொல்லச் சொன்னால் தானே திருத்திக்கொள்ளும்.

எனவே இந்த வழி சரிப்படுவது, வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்து, அவர் அகராதியைப் பார்த்து வீட்டுத் தமிழில் வாய்ச்சொல்லாகப் பொருள் சொல்லும்போது. அகராதி பெரியவருக்கு, பேச்சு பிள்ளைக்கு. தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் அகராதிகூட அவசியமில்லை. வாக்கியத்தைத் தமிழில் சொல்லி அவர்களிடம் கேட்டாலே போதும்.

## ஆங்கிலம்–பர்மிய அகராதி

நம்மவர்களில் சிலர் இதைக் கொஞ்சம் மனத்தாங்கலோடு பார்க்கிறார்கள். பிள்ளை ஏற்கெனவே பர்மிய மொழிக்குப் போய்விட்டது, இதையும் கொடுத்தால் தமிழ் போய்விடும் என்ற கவலை. கவலை நியாயமானது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், பல சொற்களுக்குப் பர்மிய மொழி தமிழை விடத் தெளிவாகப் பொருள் காட்டும்.

மிக நல்ல உதாரணம் நம் ‘கேள்’. பாட்டுக் கேள், சத்தம் கேட்டது, கேள்வி கேள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘லிசன்’, ‘ஹியர்’, ‘ஆஸ்க்’ என்று மூன்று. பர்மிய மொழியிலும் மூன்று: காது கொடுத்துக் கேட்பது நாடௌங், காதில் விழுவது ச்சா, வினா கேட்பது மே. தமிழ்ப் பிள்ளை ‘ஐ ஹியர் மியூசிக் எவ்ரி ஈவினிங்’ என்று எழுதும்போது, “அது நாடௌங்கா, ச்சாவா?” என்று கேட்டால் உடனே ‘லிசன்’ என்று திருத்தும். ‘பார்’ என்பதும் அப்படியே. கண்ணில் படுவது மியின், பார்வையைத் திருப்பிப் பார்ப்பது ச்சி. ‘சீ’ என்பதற்கும் ‘லுக்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக நான் விளக்கியதில்லை.

அடுத்தது பள்ளி. வகுப்பில் ஆசிரியை, பிள்ளைகள் சொல்கிற சயாமா, ஆங்கிலப் பாடத்தையும் பர்மிய மொழியில்தான் விளக்குகிறார். தேர்வில் பொருள் எழுது என்றால் பர்மிய மொழியில்தான் எழுத வேண்டும். அறிவியல் சொற்களைப் பிள்ளை முதலில் பர்மிய மொழியில்தான் கேட்கிறது. மேல்நிலை வகுப்புகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலப் பாடநூலுக்கு மாறும்போது, ஏற்கெனவே தெரிந்த பர்மியச் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை வைப்பதே வேகமான வழி. ‘ரூட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் வேர் என்று தெரிந்தால் சந்தோஷம். ஆனால் மறுநாள் வகுப்பில் உதவப்போவது பர்மியச் சொல்தான்.

இதிலும் மறைவான செலவுகள் உண்டு. மேலே சொன்ன ‘ஹ்ஙா’ ஒன்று. விளக்கைப் போடுவதற்குப் பர்மிய மொழியில் ‘மீ ப்வின்’, அதாவது விளக்கைத் திற என்பார்கள். பிள்ளை ‘ஓப்பன் தி லைட்’ என்று எழுதும். தமிழ் வழியாக வருகிற பிள்ளை ‘புட் தி லைட்’ என்று எழுதும். இரண்டும் தப்புதான். மருந்தை நாமும் குடிக்கிறோம், அவர்களும் குடிக்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘டேக்’ என்று சொல்ல வேண்டும். உடுத்துவது, அணிவது என்ற பொருளில் வரும் ஆங்கில ‘வேர்’ என்ற சொல்லை எடுத்தால் சட்டைக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று என்று பர்மிய அகராதி நான்கு வினைகளை அடுக்கும். நாமும் சேலையைக் கட்டுகிறோம், செருப்பைப் போடுகிறோம். ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ‘வேர்’ என்று முடித்துவிடும். இப்படிப்பட்ட சொல்லுக்கு எந்த மொழி அகராதியும் உதவாது. ‘வேர் எ ஷர்ட், வேர் ஷூஸ், வேர் எ ஹேட், வேர் கிளாஸஸ்’ என்று நான்கையும் வரிசையாகச் சொல்லச் சொல்வதே மருந்து.

பெரிய செலவு உச்சரிப்பில் வருகிறது. பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பர்மிய எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். பர்மிய மொழியில் சொல்லின் கடைசி மெய் தொண்டையிலேயே நின்றுவிடும். ‘ரைட்’, ‘ரைஸ்’, ‘ரைப்’ மூன்றும் அந்த எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்தில் கடைசி மெய் தப்பிக்கும், ஆனால் நமக்கு வேறு ஓட்டை. நான் இங்கே ‘பேட்’ என்று எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்ற பொருளா, எழுதும் தாள்கட்டா, முதுகில் தட்டுவதா? நான்கும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். உச்சரிப்பை எந்த எழுத்திலும் எழுதி வைக்காதீர்கள். அதைக் காதால் கற்க வேண்டும்.

## எளிய ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி

கடைக்காரர் இதைத்தான் முதலில் நீட்டுவார். நல்ல பொருள்தான். எப்போது கொடுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

இந்த வகை அகராதியின் கதை சுவாரஸ்யமானது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் அன்றைய வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர். ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலேயருக்கான அகராதி உதவாது என்று கண்டவர். 1935-ல் வெளிவந்த அவருடைய அகராதி சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களை மட்டும் கொண்டு விளக்கியது. 1978-ல் வந்த லாங்மன் அகராதி இதே வழியில் ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் எல்லா விளக்கத்தையும் அடக்கியது. இன்று மாணவர் அகராதி என்று வருகிற நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த எண்களைக் கவனியுங்கள். ‘எளிய’ என்பதற்குக் கீழே 1,500 முதல் 2,000 சொல் இருக்கிறது. அவை தெரியாத பிள்ளைக்கு அந்த அகராதி பூட்டிய பெட்டி. நாளுக்கு மூன்று சொல் மறக்காமல் நின்றால் ஆண்டுக்கு ஆயிரம். அப்படியானால் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு வருடம். ஏழு வயதில் தொடங்கினால் ஒன்பது, பத்து வயதில் இந்த அகராதி திறக்கும்.

வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையைக் கூட்டிப் போங்கள். அதற்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஐந்து சொற்களை, ‘மதர்’, ‘ரெயின்’, ‘கிளைம்ப்’ மாதிரி, அகராதியில் எடுத்து விளக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த சொல்லின் விளக்கமே புரியவில்லை என்றால் இந்த ஆண்டு வேண்டாம். சிறிய பாக்கெட் அகராதிகளைத் தவிருங்கள். விலை குறைவு, ஆனால் ‘பிகின்’ என்பதற்கு ‘கமென்ஸ்’ என்று அதைவிடக் கடினமான சொல்லைப் போட்டிருக்கும். பன்சோடான் தெருவில் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினால், எஸ் எழுத்துப் பகுதியை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதில்தான் சொற்கள் அதிகம். தாள் போயிருந்தால் நட்டம் அங்கேதான் பெரிது.

இதன் சிறப்பு வாக்கியம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஓர் உதாரண வாக்கியம் இருக்கும். ‘பாரோ’ என்ற சொல்லோடு ‘ஃப்ரம்’ வரும், ‘லெண்ட்’ என்ற சொல்லோடு ‘டு’ வரும் என்பதைத் தமிழ் அகராதியோ பர்மிய அகராதியோ சொல்லாது. பத்து வயதுக்குமேல் எழுத்து வேலை கூடும்போது இதற்கு நிகர் கிடையாது. ‘பச்சை’, ‘அஸெய்ன்’ மாதிரி நம் இரண்டு மொழியும் சேர்ந்து வழிதவற வைக்கிற சொற்களுக்கும் இதுவே துணை.

ஆனால் வீட்டில் ஆங்கிலம் படிப்பவர் யாரும் இல்லை என்றால், பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்வது.

## கைபேசி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-லும் பர்மிய மொழி 2014-லும் வந்தன. முழு வாக்கியத்துக்கு ஓரளவு உதவும். தனிச் சொல்லைத் தட்டினால் ஒரே பொருளைப் பெரிதாகக் காட்டும். ‘லைட்’ என்றால் ஒளி. பிள்ளை தேடியது கனமில்லாதது என்ற பொருளாக இருக்கலாம். பழைய ஆங்கிலம்–பர்மிய அகராதிச் செயலிகள் பல, ஸாஜீ என்ற பழைய பர்மிய எழுத்துருவில் செய்தவை. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறிய பிறகு புதிய கைபேசிகளில் அவை எழுத்துக் குழம்பித் தெரியலாம். தரவிறக்கியதும் பத்துச் சொல் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கரண்டு, டேட்டா செலவு இரண்டும் உங்களுக்கே தெரியும். நான் பயப்படுவது வேறு. தட்டியதும் கிடைக்கிற பொருள் தட்டியதும் மறந்துபோகிறது. ஒரே சொல்லை ஒரே மாலையில் நான்கு முறை தட்டுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் கைபேசி வேண்டும்: ஒலி. ‘பேட்’ நான்கையும் பிரித்துக் கேட்க வேறு வழி நம் வீடுகளில் இல்லை. ஒலிக் குறியைத் தட்டி, மூன்று முறை கேட்டு, மூன்று முறை திருப்பிச் சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்துவிட வேண்டும்.

## எந்த வீட்டுக்கு எது

| உங்கள் நிலைமை | முதலில் எடுக்க வேண்டியது | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| பிள்ளைக்கு ஏழு வயதுக்குக் கீழே | படப் பட்டியல், வீட்டுப் பொருள்கள் | எந்த அகராதியும் |
| தாத்தா பாட்டி வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், யாருக்கும் ஆங்கிலம் வராது | வாய்வழித் தமிழ், ஒலிக்குக் கைபேசி | முழு ஆங்கில அகராதி |
| பிள்ளை தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் | சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதி, பெரியவர் பக்கத்தில் இருந்து | பெரிய அகராதியைத் தனியே கொடுப்பது |
| பெற்றோர் இருவரும் இரவுதான் வருவார்கள், பிள்ளை தனியே படிக்கும் | ஆங்கிலம்–பர்மிய அகராதி | கைபேசி மட்டும் |
| பத்து வயதுக்கு மேல், கடைச் சோதனையில் தேறியது | மாணவர் ஆங்கில அகராதி | பாக்கெட் அகராதி |

நான்காவது வரிசையைப் பார்த்துச் சிலர் வருத்தப்படலாம். தனியே உட்காரும் பிள்ளைக்குத் தானே படிக்க வருகிற எழுத்துத்தான் துணை, அதனால் அப்படிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரச் சொற்களைத் தமிழில் பேசிப் பார்த்தால் இழப்பு இல்லை. பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழையே நிறுத்திவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ‘பாரோ’வையும் ‘லெண்ட்’டையும் பிரித்துக் காட்ட அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போனது. நிறுத்தாதீர்கள்.

## ஒரு நோட்டு

எதை வாங்கினாலும், நாற்பது பக்க நோட்டு ஒன்று வேண்டும். நான் சொல்லிக் கொடுப்பது இப்படி: ஒரு பக்கத்துக்கு மூன்று சொல்தான். சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் முடிந்தால் சின்னப் படம். கீழே அந்தச் சொல் வருகிற ஒரு வாக்கியம், தன் வீட்டைப் பற்றியே. பொருளை எந்த மொழி நன்றாகப் பிரித்துக் காட்டுகிறதோ அந்த மொழியில் ஒரே சொல்லாக எழுத வேண்டும். ‘பாரோ’வுக்குத் தமிழ். ‘லிசன்’னுக்குப் பர்மிய மொழி. ‘ரா’வுக்கு உடைந்த முட்டையின் படம். ‘வேர்’ என்ற சொல்லுக்கு எதுவும் எழுதாமல் நான்கு உதாரணம்.

எந்தச் சொல்லுக்கு எந்த மொழி என்று முடிவு செய்யப் பிள்ளையை விடுங்கள். முதல் மாதம் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாம் மாதம் அது தானே யோசிக்கத் தொடங்கும்: “டீச்சர், ‘கசின்’னுக்குத் தமிழ் எழுதக் கூடாது, தமிழ்ல மாமா மகன் வேற, சித்தப்பா மகன் வேற.” பத்து வயதுப் பையன் சொன்னது இது. அவன் அந்தப் பக்கத்தில் தன் உறவினர் பதினோரு பேரின் பெயரை எழுதி, எல்லாரையும் சுற்றி ஒரு கோடு போட்டு, மேலே ‘கசின்ஸ்’ என்று எழுதியிருந்தான்.